அவர் ஆயா அல்ல, செவிலியர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தில், அடியில் ஓரமாக நான்கு வரிச் செய்தி ஒன்று வந்தது. 'மொபட் மீது வேன் மோதி ஆயா பலி.' உள்ளேயும் 'வீடுகளில் நோயாளிகளைக் கவனிக்கும் ஆயா' என்றே எழுதியிருந்தீர்கள். அவர் ஆயா இல்லை, ஐயா. மூன்று வருடம் படித்து, செவிலியர் குழுமத்தில் பதிவு செய்த நர்ஸ். வீடு தேடிப் போய் நோயாளிகளைப் பார்க்கும் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் எங்கள் ஒன்றியத்துக்கு வலி நிவாரண, ஆதரவு சிகிச்சைக்கென்று இருந்தவர் அவர் ஒருவர்தான். உங்கள் நிருபர் ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

ஆயா வேலையை நான் குறைத்துப் பேசுவதாக எண்ண வேண்டாம். என்னைப் பெற்றவரே ஆயாதான். 1982இல் எம்.ஜி.ஆர். பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிய அதே வருடம் எங்கள் ஊர் மையத்தில் சேர்ந்து, விறகுப் புகையிலேயே காலம் தள்ளி, கடைசியில் மாதம் 2,000 ரூபாய் ஓய்வூதியம் வாங்கியவர். ஊரே 'ஆயாம்மா' என்று கூப்பிடும். அந்தச் சொல்லின் மதிப்பு எனக்குத் தெரியும். அதற்காக ஒருவர் படித்த படிப்பை அழித்துவிட்டு அந்தப் பெயரைச் சூட்டலாமா?

என் அம்மாவுக்குத்தான் 2022இல் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் முற்றிப்போய்த் தெரியவந்தது. கரண்ட் (கதிர்வீச்சுச் சிகிச்சை) வைத்தார்கள். பிறகு, "இனிமே வீட்டுல வச்சுப் பாத்துக்கோங்க" என்று அனுப்பிவிட்டார்கள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று யாரும் சொல்லவில்லை. முதுகில் படுக்கைப் புண் வந்து, வாடை தாங்காமல் அம்மாவின் கூடப்பிறந்த தங்கையே வாசலோடு நின்று அழுதுவிட்டுப் போனார். நீங்கள் ஆயா என்று எழுதிய அந்த நர்ஸ் சிஸ்டர் முதல் நாள் வந்தபோது நேராக உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்து, "என்ன ஆயாம்மா, சாப்பிட்டீங்களா?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். கையுறை அதற்கப்புறம்தான். புண்ணைக் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவிக் கட்டினார். சில நாளில் வாடை அடங்கியது. அம்மா பேத்தியைக் கிட்டே வந்து உட்காரச் சொன்னது அதற்குப் பிறகுதான். அதுவரை, பிள்ளை முகம் சுளித்துவிடுமோ என்று பயந்து வராதே என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்க என் மனைவிக்கு மட்டுமல்ல, எனக்கும் சொல்லிக்கொடுத்தார். நான் தயங்கி நின்றபோது, "பெத்தவங்களத் தொட்டுத் தொடைக்க என்ன கூச்சம்ணே?" என்றார். அத்தோடு விட்டது.

வலிக்கு 'மார்ஃபின்' என்ற, கடும் வலியை அடக்கும் அபின் வகை மாத்திரை எழுதியிருந்தார்கள். ஒரு மருந்துக்கடையில் சீட்டை நீட்டினேன். கஞ்சா கேட்டு வந்தவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்கள். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தை 2014இல் திருத்தி, நோயாளிகளுக்கு இந்த மருந்து கிடைக்க வழி செய்ததெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் பயம் போகவில்லை. சிஸ்டர்தான் டாக்டரிடம் பேசி அரசு ஆஸ்பத்திரியில் வாங்கித் தந்தார். நான்கு மணி நேரத்துக்கு ஒன்று, மலச்சிக்கலுக்கு மருந்தும் கூடவே என்று பேத்தியின் நோட்டில் கட்டம் போட்டு எழுதிக் கொடுத்தார். பழக்கமாகிவிடும் என்று பயமுறுத்திய உறவுக்காரர்களிடம், "வலி இருக்குற ஒடம்புக்கு இது மருந்துங்க" என்று பொறுமையாகச் சொன்னார். இதைப் பற்றி அப்போதே உங்களுக்கு எழுதினேன். பிரசுரமாகவில்லை. அந்த வாரம் ஒரு நடிகர் வீட்டுக் கல்யாணப் பந்தியில் என்னென்ன பரிமாறினார்கள் என்று அரைப்பக்கம் போட்டிருந்தீர்கள்.

வருடா வருடம் மே 12, செவிலியர் தினத்தன்று நைட்டிங்கேல் அம்மையார் படத்தோடு இணைப்பு வெளியிடுகிறீர்கள். கொரோனா நேரத்தில், 2020 மார்ச் 22 மாலை மருத்துவப் பணியாளர்களுக்காக ஊரே கைதட்டியதை முதல் பக்கத்தில் போட்டீர்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியதையும் பெரிதாகப் போட்டீர்கள். தொகுப்பூதியத்தில் வருடக்கணக்காகக் கிடக்கும் நர்சுகள் பணி நிரந்தரம் கேட்டு உட்கார்ந்தால் மட்டும் 'நோயாளிகள் அவதி' என்று தலைப்பு வருகிறது. அவர்கள் அவதியை எந்தப் பக்கத்தில் தேடுவது?

இன்னொன்றும் உங்கள் நான்கு வரியில் இல்லை. அன்று சாயங்காலம் அவருக்கு வேலை முடிந்துவிட்டது. திட்டத்து வண்டியும் போய்விட்டது. சிறுநீர் டியூப் அடைத்துக்கொண்டு ஒரு பெரியவர் துடிக்கிறார் என்று போன் வந்ததும், சொந்த மொபட்டில், சொந்தப் பெட்ரோலில் கிளம்பியிருக்கிறார். டியூபை மாற்றிவிட்டுத் திரும்பும் வழியில்தான் அந்த வேன். அந்தப் பெரியவரின் மகன் மயானத்தில் என் தோளில் சாய்ந்து அழுதபடி சொன்னது இது. ஒரு பக்கம் விழுந்துபோன இருவர் ஆட்டோ பிடித்து வந்திருந்தார்கள். இறங்க முடியாமல் ஆட்டோவிலிருந்தே கும்பிட்டார்கள்.

நான் கேட்பது ஒரு சொல்தான். 'ஆயா' என்றது தவறு, 'செவிலியர்' என்று அதே பக்கத்தில் திருத்தம் போடுங்கள். வரும் வியாழக்கிழமை பதினாறாம் நாள் காரியம். அதற்கு முன் வந்தால் நல்லது. அவருடைய பையன் பத்தாம் வகுப்புப் படிக்கிறான். உங்கள் செய்தியை வெட்டி, அம்மாவின் நர்சிங் சான்றிதழோடு ஒரே கவரில் வைத்திருக்கிறான்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
மணப்பாறை வட்டம்.