ஜன்னல் விரிசலைச் சொன்னீர்கள், அமைச்சரைச் சொல்லவில்லை

சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் அரசியல் தலைமைக்குழு நிலைக்குழுவில் இருக்கும் ஏழு பேருக்கும்,

வணக்கம்.

2025 நவம்பர் 5 அன்று விண்வெளி வீரர் சென் டோங்கும் கூட இருந்த இருவரும் உங்கள் விண்வெளி நிலையத்திலிருந்து ஷென்சோ-20 கலத்தில் ஊர் திரும்பியிருக்க வேண்டும். கலத்தில் விண்குப்பை மோதியிருக்கலாம், பயணம் தள்ளிப்போகிறது என்று உங்கள் மனித விண்பயண முகமை அன்றைக்கே அறிவித்தது. ஒன்பது நாள் கழித்து, ஜன்னலில் நுண்ணிய விரிசல்கள் இருப்பதையும் சொன்னார்கள். மூவரும் அடுத்த குழு வந்த ஷென்சோ-21இல் பத்திரமாக இறங்கினார்கள். ஆனால் மேலே இருந்த அந்த அடுத்த குழுவின் மூவருக்கு நம்பித் திரும்ப ஒரு கலம் இல்லை. நவம்பர் 25 அன்று ஷென்சோ-22 ஆளில்லாமல் போய்ச் சேர்ந்த பிறகுதான் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கே மூச்சு வந்தது.

அந்த வெளிப்படையான பேச்சைப் பார்த்துத்தான் எழுதத் தோன்றியது. 2007 ஜனவரி 11 அன்று ஷிச்சாங் பகுதியிலிருந்து ஏவுகணை விட்டு, சுமார் 865 கி.மீ. உயரத்தில் உங்கள் பழைய வானிலைச் செயற்கைக்கோளை நீங்களே உடைத்தீர்கள். அதை ஒப்புக்கொள்ளப் பன்னிரண்டு நாள் ஆனது. கண்ணுக்குச் சிக்கிய துண்டுகளே 3,000க்கு மேல். (இந்தியாவும் 2019இல் இதே வேலையைச் செய்தது, தாழ்ந்த உயரத்தில். அமெரிக்காவும் ரஷ்யாவும் செய்தன. யோக்கியம் பேச யாருக்கும் வாய் இல்லை.)

அப்போது ஷிச்சாங் ஏவுதளத்தின் இயக்குநர் லி ஷாங்ஃபூ. 2023 மார்ச்சில் பாதுகாப்பு அமைச்சர் ஆனார். ஆகஸ்ட் கடைசிக்குப் பிறகு ஆளைக் காணோம். அக்டோபர் 24இல் பதவி போனது, காரணம் சொல்லவில்லை. லஞ்சம் என்று தெரிய 2024 ஜூன் ஆகிவிட்டது. அவருக்கு முன்பே வெளியுறவு அமைச்சர் சின் காங் ஒரு மாதம் கண்ணில் படவில்லை. செய்தியாளர்கள் கேட்டபோது தன்னிடம் தகவல் இல்லை என்றார் செய்தித் தொடர்பாளர். அப்புறம் அமைச்சகம் வெளியிட்ட எழுத்துப் பதிவில் அந்தக் கேள்வியே இல்லை! அணு ஏவுகணைகளை வைத்திருக்கும் ராக்கெட் படையின் தளபதியையும் 2023 ஜூலை முடிவில் மாற்றி, கடற்படைக்காரர் ஒருவரைக் கொண்டுவந்து உட்காரவைத்தீர்கள்.

எங்கள் வீட்டு விவகாரம் என்பீர்கள். சரி, லஞ்சம் வாங்கியவரைத் தண்டிப்பதில் எனக்கென்ன வந்தது? ஆனால் அது அணு ஏவுகணைகள் இருக்கும் வீடு. தைவான் நீரிணையில் நள்ளிரவில் இரண்டு கப்பல்கள் உரசிக்கொண்டால், வாஷிங்டனிலிருந்து பேசுகிறவருக்கு மறுமுனையில் யார் எடுப்பார் என்று தெரிய வேண்டாமா? தெரியாவிட்டால் மோசமானதைத்தான் நினைத்துக்கொள்வார்கள். நாசா உங்களோடு நேரடியாகச் சேர்ந்து வேலை செய்ய அமெரிக்க காங்கிரஸ் 2011 முதல் போட்டிருக்கும் தடையிலும் அந்தச் சந்தேகம்தான் இருக்கிறது. அவர்களுக்குத் தனி மடல் எழுத வேண்டும்.

நான் கேட்பது சின்ன விஷயம். படையையோ ராக்கெட்டையோ கையில் வைத்திருப்பவரை நீக்கினால், நீக்கியதையும் அடுத்தவர் பெயரையும் அன்றே சொல்லுங்கள். விரிசல் விட்ட கலத்துக்கு மாற்றுக் கலம் அனுப்ப உங்களுக்கு இருபது நாள் போதுமாயிருந்தது. லி ஷாங்ஃபூவின் நாற்காலி 2023 டிசம்பர் 29 வரை காலியாகக் கிடந்தது.

இப்படிக்கு,
செய்தித்தாள் வாசகன் ஒருவன்