நிலாவெளிக் காணியும் கப்பிக் கடிதமும்

உவர்மலை,
திருகோணமலை.

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் நீ வாங்க நினைக்கிற நிலாவெளிக் கடற்கரைக் காணியின் படத்தைக் காட்டியபோது நான் பேசாமல் இருந்தேன். அதைச் சம்மதம் என்று எடுத்திருப்பாய். சம்மதம் இல்லை. போனில் சொன்னால் இடையில் மறித்துக் கதைப்பாய், அதுதான் எழுதுகிறேன்.

கனடாக் குடியுரிமைச் சத்தியம் எடுத்த அன்று கேக் வெட்டிப் படம் அனுப்பினாயே, அன்றோடு உன் இலங்கைக் குடியுரிமை போய்விட்டது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அப்படி. பழைய அடையாள அட்டை அலமாரியில் கிடப்பதால் ஒன்றும் ஆகாது. இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்து எடுத்தால்தான் திரும்ப வரும். அதுவரைக்கும், வெளிநாட்டவருக்குக் காணி விற்பதைத் தடுக்கிற 2014இன் 38ஆம் இலக்கக் காணிச் சட்டத்துக்கு நீ வெளிநாட்டவர். கோணேசர் தேர் இழுத்த பிள்ளை என்றெல்லாம் அது பார்க்காது. உன் பெயரில் காணி வாங்கி உறுதிப் பத்திரம் எழுதினாலும் அந்த உறுதி செல்லாது. கோபப்படாதே, உங்கள் கனடாவிலும் 2023 தை மாதத்தில் வெளிநாட்டவர் வீடு வாங்கத் தடை போட்டார்கள்தானே.

இது தரகருக்கும் தெரியும். அதனால்தான் "அண்ணன் பெயரில் எழுதுவம், பிறகு மாத்துவம்" என்கிறார். பெரியப்பாவின் மகன் தங்கமான பிள்ளை, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காசு உன்னுடையது, உறுதி அவனுடையது. நாளைக்கு அவனுக்கு ஒன்று நடந்தால் காணி அவன் பெண்சாதி பிள்ளைகளுக்குப் போகும். சட்டத்தைச் சுத்திப் போக நீயே செய்த ஏற்பாட்டைத் தூக்கிக்கொண்டு எந்தக் கோர்ட்டில் போய் நிற்பாய்?

இன்னொன்று. அது உறுதியுள்ள சொந்தக் காணியா, அரசாங்கம் பேர்மிட்டில் கொடுத்த காணியா என்று மூன்று தரம் கேட்டேன். "அதெல்லாம் பிரச்சினை இல்லை அம்மா" என்று மட்டும்தான் பதில். பேர்மிட் காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் கைமாற்ற ஏலாது. கடலைப் பார்த்தபடி அறை கட்டி வாடகைக்கு விடப்போகிறாயாம். கரையிலிருந்து 300 மீற்றருக்குள் கட்டுவதென்றால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். அதைப் பற்றி அந்த மனிசன் வாயே திறக்கவில்லை.

வாடகை என்றதும் அப்பாவின் இரும்புப் பெட்டி ஞாபகம் வந்தது. 1990இல் நாங்கள் இந்தியாவுக்குப் படகேறியபோது நீ மடிப்பிள்ளை. இந்த வீட்டைத் தெரிந்த ஒருவரிடம் சின்ன வாடகைக்குக் கொடுத்துவிட்டுப் போனோம். எழுத்தில் ஒன்றும் இல்லை. எழுதுகிற நேரமா அது? 2002இல் வந்து கதவைத் தட்டினால், அவர் வாசலில் நின்றபடியே, "பத்து வருசத்துக்கு மேல் இருந்துவிட்டேன், இனி வீடு என்னுடையது" என்றார். அப்படி ஒரு சட்டம் உண்டுதான். 1871ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் போட்டது. ஆனால் சொந்தக்காரருக்கு எதிராக, தன்னுடையது என்றே ஆண்டிருக்க வேண்டும். வாடகைக்கு வந்தவர் சும்மா இருந்து காலத்தைக் கடத்தினால் மட்டும் போதாது.

அப்பா பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாய் எடுத்தார். குண்டூசித் துரு பிடித்த, நகரசபைக்கு வீட்டுக்காகக் கட்டிய சோலைவரி ரசீதுகள். அவற்றின் அடியில் திருச்சி முகவரிக்கு அந்த மனிதர் 1996இல் போட்ட கடிதம். "கிணற்றுக் கப்பி தேய்ந்துவிட்டது, புதிது போட உத்தரவு தாருங்கள், செலவை வாடகையில் கழிக்கிறேன்." சட்டத்தரணி அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுச் சிரித்தார். "தன் வீட்டுக் கிணற்றுக்குக் கப்பி போட எவன் ஐயா உத்தரவு கேட்பான்?" வழக்கு ஏறவே இல்லை, மூன்று மாதத்தில் திறப்பைத் தந்துவிட்டுப் போனார். அந்தக் கப்பி இன்னும் கிணற்றில்தான் கிடக்கிறது, நல்ல கப்பி.

அதனால் இந்த வீட்டு மேல்மாடியை வாடகைக்கு விடுவதென்றால் உறுதி முடிக்கிற நொத்தாரிசு எழுதிய குத்தகை, இரண்டு சாட்சி, அதுதான். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு இல்லாமல் சட்டத்தில் நிற்காது. அப்படி எழுதியிருந்தால், 2023இல் வந்த சட்டத்தின்படி வீட்டை மீட்கிற வழக்கும் இழுபடாமல் நடக்குமாம்.

நிலாவெளியில் அவ்வளவு ஆசையென்றால் குத்தகைக்கு எடு. வெளிநாட்டவருக்கு 99 வருடம் வரை கொடுக்கலாம். இல்லையென்றால் பொறுத்திருந்து இரட்டைக் குடியுரிமையை எடுத்துவிட்டு உன் பெயரிலேயே வாங்கு. இந்த வீட்டுக்கு அந்தச் சிக்கல் இல்லை. தாயிடமிருந்து பிள்ளைக்கு நன்கொடையாகவோ முதுசமாகவோ வருவதை அந்த 2014ஆம் ஆண்டுக் காணிச் சட்டம் தடுக்கவில்லை. சாகும்வரை நான் இருக்க எனக்குச் சீவிய உரித்து வைத்து உனக்கு நன்கொடை உறுதி எழுத, ஆவணி விடுமுறையில் நீ வரும்போது சட்டத்தரணியிடம் போவோம். இது எனக்கு என் அம்மா தந்த சீதன வீடு.

இரட்டைக் குடியுரிமை விண்ணப்பத்துக்கு உன் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தின் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். கோட்டைப் பக்கத்து மான்கள் திரும்பவும் மதில் ஓரத்துச் செவ்வரத்தையைத் தின்றுவிட்டன. இந்தமுறை முள்ளுக்கம்பி போடச் சொல்லியிருக்கிறேன். தரகருக்கு மருமகன் முற்பணம் ஏதும் அனுப்பிவிட்டாரா? இன்றைக்கே கேட்டுச் சொல்லு.

அன்புடன்,
அம்மா