நாலரை அடி என்பது 4.6 அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

கட்டடக்கலை படித்தவர்களுக்கு வெளிநாட்டில் உள்ள வாய்ப்புகள் பற்றித் தங்கள் கல்வி இணைப்பிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அமெரிக்காவில் பூங்கா, மனை போன்ற திறந்தவெளிகளை வடிவமைக்கும் நிலவடிவமைப்பாளர்களுக்கான உரிமத் தேர்வு பற்றி அதில் இரண்டே வரி: தாள்கள் நான்கு, மாதிரி வினாத்தாள்களைப் புரட்டினால் போதும். சென்ற டிசம்பரில் நான்காவது தாளில் தோற்று, வரும் ஆகஸ்டில் மறுபடியும் எழுதப் போகிறவள் நான். பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மாநில உரிம வாரியங்களின் கூட்டமைப்பான கிளார்ப் நடத்தும் இந்த எல்.ஏ.ஆர்.இ. தேர்வில் மற்ற மூன்று தாள்களையும் படித்தே தேறிவிடலாம். நான் அப்படித்தான் தேறினேன். நான்காவது தாள் நிலத்தின் மட்டம், வடிகால், மழைநீர் பற்றியது. 2012 வரை காகிதத்தில் பென்சிலால் வரைந்து காட்ட வேண்டியிருந்தது. இப்போது எல்லாம் கணினித் திரையில். ஆனாலும் பென்சில் பிடித்துப் பழகாதவர் திரையின் முன்னால் திணறிப்போவார். நானே சாட்சி.

வரைபடத்தில் ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகளைப் பள்ளிப் புவியியலில் பார்த்திருப்போம். கோடு மேட்டுப் பக்கமாக வளைந்து கூர்ந்தால் அங்கே தண்ணீர் ஓடும் தாழ்வு. பள்ளத்துப் பக்கமாக வளைந்தால் முகடு. சொன்னால் புரிந்துவிடும். சரிவான மனையின் நடுவே ஒரு கட்டடத்தை வைத்து, மேலேயிருந்து வரும் தண்ணீர் பின்சுவரில் மோதாமல் இரண்டாகப் பிரிந்து சுற்றிப் போகும்படி கோடுகளைத் திருத்தச் சொன்னால்தான் கை நின்றுவிடுகிறது. சுவருக்குச் சற்றுத் தள்ளி ஒரு உச்சிப்புள்ளி, அங்கிருந்து இருபுறமும் சுமார் 2 சதவீதச் சரிவு. மனையின் எல்லையிலோ பழைய மட்டம் இம்மியும் மாறக் கூடாது. என் தண்ணீரை அடுத்தவர் மனையில் தள்ள எனக்கு உரிமையில்லை. (கும்பகோணத்தில் எங்கள் தெருவில் பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போட்டதில், வாசலின் ஐந்து படிகளில் மூன்று மண்ணுக்குள் போய்விட்டன. மழைக்காலத்தில் கூடம் வரை தண்ணீர்.)

பயிற்சிக் கணக்குகளில் நான் திரும்பத் திரும்பச் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நம் ஊரில் கொத்தனார் சுவரில் 4.6 என்று கரியால் எழுதினால் 4 அடி 6 அங்குலம். அமெரிக்க வரைபடத்தில் மட்டங்களை அடியின் பத்திலும் நூறிலும் குறிக்கிறார்கள், 4.6 என்றால் 4 அடி 7 அங்குலத்துக்கும் சற்று மேல். ஓர் அங்குலம்தானே என்று விட முடியாது. நடைபாதையின் சரிவு 20க்கு 1 (20 அடி தூரத்துக்கு 1 அடி ஏற்றம்) என்பதைத் தாண்டினால் அது சாய்தளம் என்ற கணக்கில் சேர்ந்துவிடும். சாய்தளம் 12க்கு 1க்கு மேல் செங்குத்தாகக் கூடாது. 30 அங்குலம் ஏறுவதற்குள் சக்கர நாற்காலி நின்று இளைப்பாற ஒரு சமதளம் வேண்டும்.

என் அப்பா கொத்தனார். மொட்டைமாடியில் தட்டோடு பதித்து முடித்ததும் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்ப்பார். கடைசிச் சொட்டு குழாய்வாயில் போய்ச் சேரும் வரை பீடியைப் பற்றவைக்காமல் நிற்பார். பத்தடிக்கு ஓர் அங்குலம் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, என்பது அவர் கணக்கு. இங்கே ஐந்தாறு புத்தகங்கள் வாங்கிய பிறகுதான் இந்தத் தாள் முழுவதும் அந்த வாட்டம்தான் என்று எனக்கு உறைத்தது. இப்போது இரவில் ஒரு தாம்பாளத்தில் ஈரமணலைக் குவித்து, கட்டடத்துக்குப் பதில் தீப்பெட்டியை வைத்து, கரண்டியால் தண்ணீர் விட்டுப் பார்த்த பிறகே கோடு வரைகிறேன். முதல் வாரத்தில் நாலு தீப்பெட்டி வீண்.

அடுத்த முறை இந்தத் தேர்வைப் பற்றி எழுதும்போது, வினாத்தாள் தொகுப்போடு மணலையும் தாம்பாளத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
க. செ.,
கொலம்பஸ், ஒஹாயோ