உன் ப்ரொபோசலைப் படித்தேன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் கூட வைத்திருந்த பதினோரு பக்க ப்ரொபோசலும் வந்தன. நாகப்பட்டினத்துப் பக்கம் ஏழு மாலைநேரப் படிப்பு மையங்கள் ஓடுகின்றன, ட்ரஸ்ட் பதிவாகி இருபது மாதம் ஆகிறது என்று படிக்கவே சந்தோஷமாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம்.

ப்ரொபோசல் விஷயத்துக்கு வருகிறேன், கோபித்துக்கொள்ளாதே. தலைப்பில் நிறுவன மேம்பாட்டு நிதி, அதாவது அமைப்பையே வலுப்படுத்தக் கொடுக்கும் பணம், என்று இருக்கிறது. உள்ளே இருப்பது எட்டாவது, ஒன்பதாவது மையம் திறக்கும் திட்டம். படிக்கிறவருக்கு முதல் பக்கத்திலேயே இது தெரிந்துவிடும். திட்டத்துக்குப் பணம் கேட்டால் எத்தனை பிள்ளைகள் படிப்பார்கள் என்று கேட்பார்கள். இந்த நிதிக்குக் கேள்வியே வேறு: எங்கள் பணம் தீர்ந்த மறுநாள் உங்கள் அமைப்பில் என்ன மிச்சம் இருக்கும்? மாதாமாதம் ஒழுங்காக மூடப்படும் கணக்கு, கேள்வி கேட்கத் தெரிந்த அறங்காவலர்கள், நீ ஒரு மாதம் படுத்துக்கொண்டாலும் சம்பளம் போடத் தெரிந்த இன்னொருவர். பதிலில் இந்த மாதிரி விஷயங்கள்தான் இருக்க வேண்டும்.

உன் வயது இதில் ரொம்ப முக்கியம். ட்ரஸ்டின் வயதைச் சொல்கிறேன். இரண்டு பெரிய கதவுகள் மூன்றாண்டு நிறையும்வரை உனக்குப் பெரும்பாலும் திறக்காது. கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் செலவுக்கான சிஎஸ்ஆர் விதிப்படி, ஒரு கம்பெனி வெளி அமைப்பு ஒன்றின் மூலம் வேலை செய்ய வேண்டுமானால், அந்த அமைப்புக்கு அதே மாதிரி வேலையில் குறைந்தது மூன்றாண்டு அனுபவம் வேண்டும். வெளிநாட்டு நன்கொடைக்கான எஃப்சிஆர்ஏ பதிவுக்கும் மூன்றாண்டு வேண்டும். அதோடு கடந்த மூன்று நிதியாண்டில் உன் முக்கிய வேலைக்கு மட்டும் 15 லட்சம் செலவாகியிருக்க வேண்டும், நிர்வாகச் செலவு இதில் சேராது. முன் அனுமதி என்று ஒரு வழி உண்டு. ஆனால் அது குறிப்பிட்ட கொடையாளர், குறிப்பிட்ட தொகை, குறிப்பிட்ட வேலைக்கு மட்டும்.

நீ நிற்பது இருபதாவது மாதத்தில். விண்ணப்பம், நேர்காணல், ஒப்பந்தம் என்று நான்கு மாதம் போகும். பன்னிரண்டு மாத நிதி கிடைத்தால் சரியாக முப்பத்தாறாவது மாதத்தில் முடியும். ப்ரொபோசலின் முதுகெலும்பாக இந்தக் கணக்கையே வை: மூன்றாண்டு முடிந்து அந்தக் கதவுகளைத் தட்டும் நாளில், யார் வந்து கணக்கைப் புரட்டினாலும் தலைகுனியாத அமைப்பாக நிற்க இந்த ஒரு வருடப் பணம். ஏன் இப்போது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் உன்னிடம் இல்லை.

யாரிடம் கேட்பது? முழுக்க நிறுவன வலுவுக்கென்றே வரும் பணம் நம் நாட்டில் குறைவு. எடெல்கிவ் அறக்கட்டளை 2021இல் தொடங்கிய குரோ நிதி, 100 அமைப்புகளுக்கு 100 கோடி ரூபாய் என்ற இலக்கோடு வந்தது. அந்த அளவில் வருவது அபூர்வம். புதிய அமைப்புகளுக்கு, அவற்றை ஆரம்பத்தில் கைபிடித்து வளர்த்துவிடும் இன்குபேட்டர்கள்தான் பொருத்தம். பெங்களூருவின் தி நட்ஜ் மாதிரி இடங்களில் பணத்தோடு வழிகாட்டுதலும் கிடைக்கும். எங்கே போனாலும் முதல் தொலைபேசியிலேயே ஒன்றைக் கேட்டுவிடு: இது உள்நாட்டுப் பணமா? 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டு நன்கொடை வாங்கிய அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவே முடியாது, இரண்டு பேருக்கும் பதிவு இருந்தாலும்கூட. முன்பெல்லாம் பெரிய அமைப்புகள் வழியாகச் சின்ன அமைப்புகளுக்குக் கசிந்து வந்த பணம் அதோடு நின்றது. கேட்காமல் விட்டால் மூன்று மாத உழைப்பு வீணாகும்.

இதோடு ஒட்டிய இன்னொரு கண்ணிவெடி. சிங்கப்பூரில் இருக்கும் உன் மைத்துனர் மாதம் ஐயாயிரம் அனுப்புவதாக எழுதியிருந்தாய். அவர் கையில் இந்தியப் பாஸ்போர்ட் இருந்து, தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அங்கே குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் ஆகும். பத்து ரூபாயானாலும் ஆகும், வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் ஆகும். பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வை. குடியுரிமை மாறியிருந்தால் இன்றே நிறுத்தச் சொல். வந்த பணத்தை என்ன செய்வது என்று ஆடிட்டரிடம் கேள்.

எழுத உட்காரும் முன் ஒரு அரை நாள் வேலை இருக்கிறது. அறங்காவலர்கள், மைய ஆசிரியர்களில் இருவர், கணக்குப் பார்ப்பவர் எல்லோரையும் உட்கார வை. நிர்வாகக் குழு, கணக்கு, ஆட்கள், மையத் தகவல் பதிவு, நிதி திரட்டல் ஆகிய ஐந்துக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒன்று முதல் நான்கு வரை மதிப்பெண் போடட்டும். பிறகு ஒப்பிடுங்கள். எல்லோரும் இரண்டு போட்ட இடத்தைவிட, நீ நான்கும் உன் கணக்காளர் ஒன்றும் போட்ட இடம்தான் முக்கியம். நோய் அங்கேதான் இருக்கும். ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் கையில் ஆதாரம் கேள். "கணக்கு சுமார்" என்று எழுதினால் யாருக்கும் உதவாது. "ஜூன் மாத வங்கிக் கணக்கை ஆகஸ்ட் 14 அன்றுதான் ஒத்துப் பார்த்தோம்" என்றால் அது அப்படியே ப்ரொபோசலுக்குள் போகலாம். குறையைச் சொன்னால் பணம் தரமாட்டார்கள் என்று பயப்படாதே. குறையே இல்லாத அமைப்புக்கு எதற்கு மேம்பாட்டு நிதி?

அதிலிருந்து இரண்டு குறையை மட்டும் எடு. நீ ஒன்பது எழுதியிருக்கிறாய். இணையதளம், லோகோ, ஐந்தாண்டுத் தொலைநோக்கு எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். இலக்கை அளக்கும்படி எழுது. "நிதிக் கொள்கை ஆவணம் தயாரிக்கப்படும்" என்றால் ஒரு ஆவணம் வரும், அலமாரியில் தூங்கும். "இப்போது மாதக் கணக்கு மூட 45 நாள் ஆகிறது, ஒன்பதாம் மாதத்திலிருந்து அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் மூடி அறங்காவலர்களுக்கு அனுப்புவோம்" என்று எழுதினால் அதை யாரும் சரிபார்க்கலாம்.

இப்போது பட்ஜெட். நீ கேட்டிருப்பது 22 லட்சம். போன வருட மொத்தச் செலவே 9 லட்சம். இரண்டரை மடங்கு பணம் ஒரே வருடத்தில் வந்தால் அதைச் சமாளிக்கும் ஆள் உங்களிடம் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். 4 லட்சம் வாக்கில் கேள். உதாரணத்துக்கு இப்படி: பகுதிநேரக் கணக்காளர் மாதம் 12,000 வீதம் 1,44,000. கணினி, கணக்கு மென்பொருள் 80,000. நடைமுறைகளை எழுதி, உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கும் ஆலோசகருக்கு நாளுக்கு 7,500 வீதம் 12 நாள், 90,000. அவர் ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் என்றால் 18 சதவீதம் கூட்டி 1,06,200. அந்த 16,200ஐத் திரும்ப எடுக்க உனக்கு வழி கிடையாது, எனவே பட்ஜெட்டில் இல்லாவிட்டால் உன் கையிலிருந்து போகும். நிறையப் பேர் வழுக்கி விழுவது இங்கேதான். அறங்காவலர் பயிற்சி இரண்டு நாள் 40,000, தணிக்கைக்குக் கூடுதலாக 30,000. ஆக 4,00,200. அதை 4 லட்சமாக்கவோ 5 லட்சமாக்கவோ வேண்டாம். அந்த 200 ரூபாய் உன் கணக்கின் மேல் நம்பிக்கை வரவழைக்கும்.

இதில் சம்பளம் ஒன்றுதான் ஆபத்தான வரி. பதின்மூன்றாம் மாதம் கணக்காளருக்கு யார் கொடுப்பார்கள் என்று நிச்சயம் கேட்பார்கள். "வேறு நிதி தேடுவோம்" என்று சொல்லாதே. ஏழாம் மாதத்திலிருந்து பாதிச் சம்பளத்தை உள்ளூர் நன்கொடையிலிருந்து நீங்களே ஏற்பதாகப் பட்ஜெட்டிலேயே காட்டு. கேட்கும் தொகையில் 36,000 குறையும், பதிலும் தயாராக இருக்கும்.

நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று சட்டமே இருப்பதாக எழுதியிருக்கிறாய். அது பாதி உண்மை. சிஎஸ்ஆர் விதியில் உள்ள 5 சதவீதம், கம்பெனி தன் சிஎஸ்ஆர் வேலைகளை நிர்வகிக்கச் செய்யும் செலவுக்கான வரம்பு. அதை அப்படியே நம் தலையில் கட்டுகிறவர்கள் நிறைய. எஃப்சிஆர்ஏவில் 20 சதவீத வரம்பு உண்மையிலேயே உண்டு, ஆனால் வெளிநாட்டுப் பணத்துக்கு மட்டும். பிரிட்ஜ்ஸ்பன் என்ற ஆலோசனைக் குழு இங்குள்ள முன்னணித் தொண்டு நிறுவனங்கள் நாற்பதின் கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது வாடகை, நிர்வாகம் மாதிரியான மறைமுகச் செலவு 5 முதல் 51 சதவீதம்வரை இருந்தது, நடுமதிப்பு 19. உன்னுடையது 16 என்றால் 16 என்றே எழுது. வாடகையையும் மின்கட்டணத்தையும் மையச் செலவுக்குள் ஒளித்து 5 ஆக்கிக் காட்டினால், வவுச்சரைப் பார்க்க வரும் நாளில் வெளியே வரும்.

காகிதங்களைப் பற்றி வேகமாக. ட்ரஸ்ட் பத்திரம், பான், வங்கிக் கணக்கு, தொண்டு நிறுவனங்களுக்கான அரசுத் தளமான தர்பன் பதிவு நான்கிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். உன்னுடையதில் பத்திரத்தில் "அறக்கட்டளை", பானில் "ட்ரஸ்ட்" என்று இருக்கிறது. திருத்தச் சில வாரம் பிடிக்கும், இன்றே தொடங்கு. வருமான வரி விலக்குக்கான 12ஏ, நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி இரண்டின் தற்காலிகப் பதிவும் மூன்றாண்டுக்குத்தான். அது முடிவதற்கு ஆறு மாதம் முன்போ, வேலை தொடங்கிய ஆறு மாதத்துக்குள்ளோ, எது முந்தியோ அதற்குள் வழக்கமான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. உன் மையங்கள் ஒரு வருடத்துக்கு மேலாக ஓடுகின்றன, கெடு தாண்டிவிட்டதா என்று யோசித்துப் பார். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் வேறு. ஆனால் ஃபண்டர்கள் பேச்சில் 12ஏ, 80ஜி என்பது சீக்கிரம் போகாது.

ஐந்து அறங்காவலர்களில் நீ, உன் மனைவி, உன் தம்பி. காசோலையில் கையெழுத்து நீயும் மனைவியும். சட்டப்படி தவறில்லை. ஆனால் விண்ணப்பம் ஓரங்கட்டப்பட இதுவே போதும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், கிராமத்துப் பெண்கள் குழுவிலிருந்து ஒருவர் என்று வெளியாள் இருவரைச் சேர், கையெழுத்தை மாற்று. மினிட்ஸ் புத்தகத்தை ஒழுங்காக எழுது. ஆறு கூட்டத்துக்கும் ஒரே நாளில் ஒரே பேனாவில் எழுதியது பார்க்கிறவர் கண்ணில் உடனே படும்.

பணம் ஒரே தவணையில் வராது. பாதி முன்னால், நாற்பது சதவீதம் இடையில், கடைசிப் பத்து சதவீதம் இறுதி அறிக்கைக்குப் பிறகு என்பது வழக்கமான அமைப்பு. அந்தக் கடைசிப் பத்து சதவீதத்தை முதலில் நீ செலவழித்துவிட்டுத்தான் வாங்குவாய். எனவே உன் கணக்கில் அவ்வளவாவது சும்மா கிடக்க வேண்டும், அல்லது தவணையை மாற்றித் தரும்படி ஒப்பந்தம் போடும் முன் கேட்க வேண்டும். கையெழுத்தான பிறகு யாரும் கேட்கமாட்டார்கள்.

பதினோரு பக்கத்தை நான்காக்கு. குழந்தைகள் படங்களை எடுத்துவிடு. பட்ஜெட்டை முதலில் அனுப்பு, எழுத்தைப் பிறகு பார்க்கலாம். பட்ஜெட் சரியாக இருந்தால் எழுத்து தானாகச் சரியாகும். தணிக்கை செப்டம்பர் 30க்குள் முடிய வேண்டும், ஆடிட்டரை ஜூலையிலேயே பிடித்துவிடு. செப்டம்பர் கடைசி வாரத்தில் அவர் உன் போனை எடுக்கமாட்டார்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல். அந்த இரண்டு வெளி அறங்காவலர்கள் யார் என்று முடிவானதும் எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச் நண்பன்