பெரியக்காவின் கல்யாண ஜாக்கெட்டும் நித்யாவின் போர்வையும்

ஈசூன், சிங்கப்பூர், நவம்பர் 2025

அன்புள்ள கமலம்,

உன் கடிதம் தீபாவளிக்கு முந்தின வாரமே வந்துவிட்டது. அப்போது வீட்டில் தரை தெரியாத அளவுக்குத் துணி கிடந்ததால் படித்து எடுத்து வைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே எல்லாரும் நலம். பேரன் தொடக்கநிலை இரண்டுக்குப் போகப் போகிறான், தமிழ் வாசிக்கச் சொன்னால் மட்டும் தண்ணீர் குடிக்க எழுந்து போகிறான்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். நித்யா ஒட்டுத்துணிப் போர்வை தைத்துக் கொடுக்கிறாள், ஒன்று 90 ரிங்கிட், வாங்குகிறவர்கள் அதிலேயே குறைக்கச் சொல்கிறார்கள், நீதான் அவளுக்கு ஏதாவது சொல்லேன் என்று எழுதியிருந்தாய். சொல்வதற்கு எனக்கு நிறைய இருக்கிறது, ஏனென்றால் இருபது வருஷமாக நான் செய்த தப்பைத்தான் அவளும் செய்துகொண்டிருக்கிறாள்.

போன வருஷம் வரைக்கும் லைனிங் வைத்த ஜாக்கெட்டுக்கு 40 சிங்கப்பூர் வெள்ளி வாங்கிக்கொண்டிருந்தேன். எப்படி அந்த விலை வந்தது என்று கேட்டால் எனக்கே தெரியாது. முதலில் 15, அப்புறம் 20, யாராவது ஒருத்தர் முகம் சுளிக்காத வரைக்கும் ஏற்றிக்கொண்டே வந்தது, அவ்வளவுதான். ஒருநாள் என் மகள் சமையலறையில் இருந்த டைமரை எடுத்துவந்து மிஷினுக்குப் பக்கத்தில் வைத்து, "அம்மா, இந்த ஒரு ஜாக்கெட்டுக்கு மட்டும் எழுதிப் பாருங்க" என்றாள். எழுதினேன். அளவு ஜாக்கெட்டைப் பார்த்து, கழுத்து எவ்வளவு இறக்கம், பின்னால் கயிறு வேண்டுமா என்று பேசி முடிக்க 25 நிமிஷம். மெயின் துணியும் லைனிங்கும் வெட்ட 45. மிஷினில் 2 மணி 20 நிமிஷம், டாட் பிடித்து, பைப்பிங் வைத்து, கை ஏற்றி. கொக்கி, கண், அடி ஓரம் எம்மிங் என்று கைவேலை மட்டும் 55 நிமிஷம். இஸ்திரி 10. அவர் வந்து போட்டுப் பார்த்து, அக்குளில் கொஞ்சம் பிடிக்கிறது என்று சொல்லி, அதைப் பிரித்துத் திரும்பத் தைக்க 25. கூட்டினால் ஐந்து மணி நேரம். லைனிங், நூல், கொக்கி, கேன்வாஸ் எல்லாம் சேர்த்து 8 வெள்ளி. மீதி 32. மணிக்கு 6 வெள்ளி 40 காசு, அதிலும் மின்சாரமும் மிஷின் சர்வீசும் தேக்கா கடைத்தெருவுக்குப் போய்வரும் ரயில் காசும் கழிக்கவில்லை.

இங்கே எல்லாருக்கும் பொதுவான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் கிடையாது, உனக்குத் தெரியும். ஆனால் வெளிநாட்டு ஊழியர்களை வைத்திருக்கும் நிறுவனங்கள், உள்ளூர்க்காரர் ஒருவர் பகுதிநேர வேலை செய்தால் மணிக்குக் குறைந்தது 10 வெள்ளி 50 காசு கொடுக்க வேண்டும் என்று 2024 ஜூலையில் வைத்தார்கள். அந்தக் கணக்கை எனக்கு நானே போட்டுப் பார்த்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, கமலம். நாற்பது வருஷம் கை பழகிய வேலை இது. பட்டில் வெட்டு தப்பினால் திரும்ப வாங்க முடியாத துணி, அதை நம்பி என்னிடம் கொடுக்கிறார்கள். அந்த வேலைக்கு நான் எனக்கே கொடுத்துக்கொண்டிருந்த கூலி அதைவிடக் கீழே.

அதுவும் போக, இந்தப் பணத்தில் எனக்காக மசேநி, அதுதான் ஓய்வுகாலச் சேமநிதி, கட்ட முதலாளி யாரும் இல்லை. உடம்பு முடியாமல் படுத்தால் அன்றைக்குக் காசு இல்லை. வருஷத்தில் நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் என்கிற மருத்துவச் சேமிப்புக் கணக்குக்கு நானேதான் கட்ட வேண்டும். வீவக என்கிற அரசாங்க அடுக்குமாடி வீட்டில் தைத்துக் கொடுக்க அனுமதி இருக்கிறது, ஆனால் வெளியாளை வேலைக்கு வைக்கக் கூடாது, போர்டு மாட்டக் கூடாது. அதாவது, கடைக்காரர் மாதிரி குறைந்த விலைக்கு நிறையத் தைத்து ஈடுகட்டும் வழி எனக்கு இல்லை. இருப்பது இந்த இரண்டு கை, ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்.

நம் அம்மாக்களிடமிருந்து வந்த பழக்கம் இது என்று நினைக்கிறேன். நேவல் பேஸ் குவார்ட்டர்ஸில், அந்தக் கடற்படைத் தளக் குடியிருப்பில், தீபாவளிக்கு முன்னால் எங்கம்மாவிடம் துணி கொண்டுவந்து கொடுப்பார்களே, கூலி எவ்வளவு என்று கேட்டால் "பார்த்துக் கொடுங்க" என்பாள். எங்கம்மா வாயால் ஒரு தொகை சொல்லி நான் கேட்டதே இல்லை. ஒருத்தர் ஐம்பது காசு கொடுப்பார், ஒருத்தர் வாழைப்பழம் கொடுப்பார், ஒருத்தர் அடுத்த சம்பளத்தில் தருகிறேன் என்று போய்விடுவார். அவள் ராத்திரி விளக்கில் கண்ணைக் கொடுத்துத் தைத்தது வீட்டு வேலையோடு வேலையாகப் போய்விட்டது. பெண்கள் வீட்டில் உட்கார்ந்து செய்வதற்கு விலை சொன்னால் அது பேராசை என்று நினைத்தே வளர்ந்துவிட்டோம் நாம்.

உன் பெரியக்கா செப்டம்பரில் இங்கே வந்திருந்தபோது என் வீட்டுக்கு வந்தார்கள், சொன்னார்களா? 1978இல் அவர்கள் கல்யாணத்துக்கு எங்கம்மா தைத்த அரக்கு ஜாக்கெட்டைக் கொண்டுவந்தார்கள், பேத்தி அதே சேலையை அதே ஜாக்கெட்டோடு கட்ட வேண்டும் என்கிறாளாம். இரண்டு பக்கமும் தையலைப் பிரித்து அகலமாக விட வேண்டும். உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கமும் ஒன்றேகால் அங்குலத் துணி மடிந்து இருந்தது, அதன் மேல் மூன்று தையல் வரி, ஒன்றுக்கொன்று கால் அங்குல இடைவெளியில், நேர்கோடு பிசகாமல். உடம்பு பெருக்கும்போது ஒரு வரி பிரித்துக்கொள்ளட்டும், பிள்ளை பிறந்த பிறகு இன்னொரு வரி பிரித்துக்கொள்ளட்டும் என்று அன்றைக்கே யோசித்து வைத்திருக்கிறாள். நூல் இற்றுப்போயிருந்தது, ஊசி முனையால் தொட்டாலே பிரிந்தது. மடிப்பைத் திறந்தால், வெளியே வெளுத்துப்போன பட்டு உள்ளே அப்படியே இருந்தது, அன்றைய அரக்கு நிறம் கொஞ்சமும் மங்காமல். நல்லவேளை அந்த அடர்ந்த நிறக் கோடு கைக்குக் கீழே மறைந்துவிட்டது. நான் கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாமல் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடையில் வாங்கும் ரவிக்கையைப் பிரித்துப் பார், உள்ளே அரை விரல் துணிகூட இருக்காது, ஓவர்லாக் அடித்து ஓரத்தோடு வெட்டியிருப்பார்கள். விட முடியாது, பிடிக்கத்தான் முடியும். அம்மா விட்டுவைத்த அந்த ஒன்றேகால் அங்குலத்துக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. அது இருப்பது கண்ணுக்கே தெரியாது. நாற்பத்தேழு வருஷம் கழித்து ஒரு பேத்தி கட்டுகிறாள். என்னிடம் யாராவது "ஒரு ஜாக்கெட்டுக்கு இவ்வளவா" என்று கேட்டால் இனிமேல் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டுகிறேன், அவ்வளவுதான் என் பதில்.

"இந்தியாவில் நானூறு ரூபாய்க்குத் தைத்துக் கொடுக்கிறார்கள்" என்று சொல்கிறவர்களும் வருகிறார்கள். அந்தத் தையல்காரர் அந்த ஊர் வாடகை, அந்த ஊர் அரிசி விலையில் தைக்கிறார், நான் இங்கே இருந்து தைக்கிறேன். அவருக்கும் அது போதுமா என்று நாம் யாரும் கேட்டதில்லை. பேரங்காடியில் 10 வெள்ளிக்குத் தொங்கும் சட்டையை மிஷின் தானாகத் தைத்துவிட்டது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். துணி வளையும், நழுவும், இழுபடும், அதனால் இன்னமும் ஏறக்குறைய ஒவ்வொரு சட்டையையும் யாரோ ஒரு ஆள் கையால் பிடித்துத் தள்ளித்தான் ஊசிக்கு அடியில் அனுப்புகிறார்கள். பங்ளாதேஷில் 2013 ஏப்ரலில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்துப்போனார்களே, பெரும்பாலும் தைக்கிற பெண்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் விட்டிருந்தது, அப்படியும் வேலைக்கு வரச் சொன்னார்கள். அந்த மலிவை அளவுகோலாக வைத்து நித்யா தன் வேலைக்கு விலை போடக் கூடாது.

இப்போது அவளுடைய போர்வைக்கு வருகிறேன். நீ எழுதினபடி 36க்கு 44 அங்குலம், நாலு அங்குலச் சதுரம். அப்படியென்றால் குறுக்கே 9, நெடுக்கே 11, மொத்தம் 99 துண்டு. தையலுக்கு ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் விட வேண்டும் என்பதால் ஒவ்வொன்றையும் நாலரை அங்குலமாக வெட்ட வேண்டும். வரிசைக்கு 8 இணைப்பு, 11 வரிசைக்கு 88. பிறகு வரிசைகளைச் சேர்க்க 36 அங்குல நீளத்தில் 10 தையல், அதில் ஒவ்வொரு மூலையும் மூலையோடு பொருந்த வேண்டும். அப்புறம் நடுவில் பஞ்சு, அடியில் இன்னொரு துணி, மூன்றையும் சேர்த்துத் தைத்து, சுற்றி ஓரப்பட்டி. நான் பேத்திக்கு ஒன்று செய்தபோது 13 மணி நேரம் ஆனது. நித்யா கை வேகம் என்றாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. பொருளுக்கு 45 ரிங்கிட் என்கிறாய், 90க்கு விற்றால் அவள் கையில் நிற்பது மணிக்கு மூன்றரை ரிங்கிட்டுக்கும் குறைவு. உங்கள் மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் இப்போது மாதம் 1,700, மணிக்கு 8 ரிங்கிட்டுக்கு மேல். வெறும் 8 என்று கணக்குப் போட்டாலே கூலி 104, பொருளோடு 149. ஊசி, மிஷின் தேய்மானம், அவள் படம் எடுத்துப் போட்டுப் பதில் சொல்லும் நேரம் எல்லாம் சேர்த்தால் 180க்குக் குறைந்து சொல்லவே கூடாது.

யார் வாங்குவார்கள் என்று நீ கேட்பாய், எனக்குத் தெரியும். 180 கொடுக்க முடியாதவர்களுக்கு வேறு போர்வை தைக்கச் சொல். ஆறு அங்குலச் சதுரமாக, 36க்கு 42 வைத்தால் 42 துண்டுதான். வேலை எட்டு மணி நேரத்தில் முடியும், கூலி 64, பொருளோடு 109, 130க்குத் தாராளமாகக் கொடுக்கலாம். வாங்குகிறவருக்கு விலை குறைகிறது, அவள் கூலி குறையவில்லை. எனக்கு இது புரியவே பல வருஷம் ஆனது. நானும் இப்போது அப்படித்தான் செய்கிறேன், கயிறும் பைப்பிங்கும் வேண்டாமென்றால் விலை குறையும், அதே வேலை குறைத்த விலைக்குக் கிடையாது.

இன்னொன்று, கடையில் வைத்து விற்கிறோம் என்று யாராவது வந்தால் அவசரப்பட்டு ஒத்துக்கொள்ள வேண்டாம். என்னிடம் ஒரு கடை துணிப்பை கேட்டது, விற்றால் நூற்றுக்கு நாற்பது அவர்களுக்கு. 25 வெள்ளிக்கு நான் நேராக விற்ற பை அங்கே போனால் எனக்கு 15, அதில் 9 துணிக்கே போய்விடும். சும்மா தைத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது, ஆறே பையோடு நிறுத்திக்கொண்டேன்.

சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள் விஷயம்தான் கஷ்டம். "நமக்குள்ள என்ன" என்று பாதி விலை கேட்கிறவர்களிடம் நான் இப்போது ஒன்றுதான் செய்கிறேன்: கொடுக்க மனசிருந்தால் காசே வாங்காமல் முழுசாகக் கொடுத்துவிடுகிறேன், இல்லையென்றால் முழு விலை. பாதி வாங்கினால் அடுத்த தடவை அதுதான் விலை ஆகிறது, அவர்கள் நாலு பேரிடம் அதைச் சொல்லவும் சொல்கிறார்கள். உங்க பெரியக்காவிடம் காசு வாங்கவில்லை. ஆனால் ஒரு தாளில் ஆறரை மணி நேரம் என்றும் அதற்கு எவ்வளவு என்றும் எழுதி, கீழே "அன்பளிப்பு" என்று போட்டுக் கொடுத்தேன். அக்கா அதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்கள்.

இப்போது என் ஜாக்கெட் 75 வெள்ளி. முதல் தடவை சொன்னபோது தொண்டை அடைத்தது. சில பேர் போய்விட்டார்கள், அதில் பதினைந்து வருஷமாக வந்துகொண்டிருந்தவர் ஒருவர், அது இன்னமும் மனசில் இருக்கிறது. போன தீபாவளிக்கு 20 ஜாக்கெட், நூறு மணி நேரம், மிஞ்சியது 640. இந்தத் தீபாவளிக்கு 12தான், அறுபது மணி நேரம், 804 மிஞ்சியது. கேம்பல் லேன் தீபாவளிச் சந்தைக்குப் பேரனைக் கூட்டிக்கொண்டு போக எனக்கு ஒரு சாயங்காலம் கிடைத்தது, எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம்.

நித்யாவை அடுத்த போர்வைக்கு டைமர் வைத்து எழுதச் சொல், துணி வெட்டுவதிலிருந்து கடைசி நூல் கத்தரிப்பது வரை, நடுவில் குழந்தைக்குப் பால் கொடுக்க எழுந்தால் நிறுத்திவிட்டு. அந்தத் தாளை எனக்குப் படம் எடுத்து அனுப்பட்டும். டிசம்பர் விடுமுறையில் ஈப்போ வருகிறேன். அரபு ஸ்திரீட்டில் நல்ல பருத்தித் துணியாகப் பார்த்துக் கொஞ்சம் எடுத்துவைத்திருக்கிறேன், அவளுக்குத்தான். அப்புறம் பேத்தி கல்யாணப் படம் வந்தால் மறக்காமல் அனுப்பு, கை பக்கம் நன்றாகத் தெரிகிற மாதிரி.

உன்,
சரசு