படகு ஏறப் பாம்பன் வரை போனேன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவள். அப்பா கட்டுமரத்தில் போனவர், தம்பி விசைப்படகில் ஸ்ராங்கு, அதாவது படகை ஓட்டுபவன். ஆனால் 52 வயது வரை நான் படகில் கால் வைத்ததில்லை. எங்கள் வீட்டுப் பெண்களைத் தொழிலுக்குப் போகும் படகில் ஏற்ற மாட்டார்கள். கரையில் நின்று கூடையில் மீன் வாங்குவதோடு சரி. முதன்முதலாக நான் படகு ஏறியது இந்த ஜனவரியில், பாம்பனுக்குப் பக்கத்தில் குந்துகாலில். குருசடைத் தீவுக்குப் போகும் சின்னப் படகு அது.

ஏறுவதற்கு முன்பே எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டார்கள். கூட வந்த உள்ளூர்ப் பெண்ணுக்கு என் மகள் வயசுதான் இருக்கும். ஒவ்வொருவரின் வாரையும் கையால் இழுத்துப் பார்த்தாள். என் பேத்திக்கு ஆறு வயது. அவளுக்கு எல்லாமே தொளதொள என்று இருந்தது. சின்ன அளவு தேடி எடுத்து வரும் வரை படகு கிளம்பவே இல்லை. அந்தக் காத்திருப்புக்காகவே அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

தீவை நெருங்கியதும் இன்ஜினை நிறுத்திவிட்டு, "அக்கா, குனிஞ்சு பாருங்க" என்றாள். இடுப்பளவுத் தண்ணீர்தான். அடியில் கடல்புல் ஒரு பக்கமாகச் சாய்வதும் எழுவதுமாக இருந்தது. நடுவில் கறுப்பாக ஒரு கடல் அட்டை. மணலை விழுங்கி, அதில் இருப்பதைத் தின்றுவிட்டு மணலை வெளியே விட்டுவிடுமாம். கடல் அட்டை பிடித்தால் ஜெயில் என்று தம்பி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது உயிரோடு கிடந்து பார்த்தது அன்றுதான். புல் தின்ன வரும் கடல் பசுவை அந்தப் பக்கம் ஆவுளியா என்கிறார்கள். நாங்கள் போன நேரம் வரவில்லை.

மணல் திட்டில் ஆலா என்கிற கடற்பறவைகள் எல்லாம் காற்றைப் பார்த்தபடி நின்றன. கறுப்பும் வெள்ளையுமாக, அலகு தடித்த பறவை ஒன்று ஒரு நண்டைத் துரத்திப் பிடித்து உதறி உதறித் தின்றது. பேத்தி மூச்சு விடாமல் பார்த்தாள். தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் நடுவில் இப்படி 21 தீவுகள், 1986 முதல் தேசியப் பூங்காவாம்.

திரும்பும்போது என் மனசு எண்ணூருக்குப் போய்விட்டது. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்தில் கூழைக்கடாவும் நாரையும் எங்களுக்கும் உண்டு. 2023 டிசம்பர் புயல் மழையோடு எண்ணெய் வந்து படர்ந்து, கூழைக்கடாக்கள் கறுப்பாகி நின்ற படத்தைப் பேப்பரில் பார்த்துத்தான் எங்கள் தெருவில் பல பேருக்கு அங்கே பறவை இருப்பதே தெரிந்தது. அதுவரை அனல்மின் நிலையச் சாம்பல் கொட்டுகிற இடம் என்றுதான் நினைத்திருந்தார்கள்.

அதற்கு அந்தப் பக்கம் பழவேற்காடு. நம் நாட்டு உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்துப் பெரியது அதுதான். பனிக்காலத்தில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வரும். 1980 முதல் சரணாலயம். அங்கே 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததை நாங்கள் மறக்கவில்லை. அவர்களிடம் லைஃப் ஜாக்கெட் இல்லை. அதன் பிறகு சுற்றுலாப் படகுக்குத் தடை வந்தது. தடை போட்டது சரிதான். ஆனால் குந்துகாலில் நான் பார்த்தது போல, எண்ணி ஆள் ஏற்றி, வாரை இழுத்துப் பார்த்து, காற்று அடித்தால் நிறுத்திவைத்து நடத்த முடியாதா? முகத்துவாரத்துப் பக்கம் போகாமல் ஏரிக்குள்ளேயே ஓட்டினால் போதும்.

படகு எங்கள் மீனவர்களுடையதாக இருக்கட்டும். தண்ணீர் மட்டம், நீரோட்டம், எந்தத் திட்டில் எந்தப் பறவை என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். வழிகாட்ட எங்கள் பெண்களைச் சேருங்கள். தொழில் படகில் இடமில்லாதவர்களுக்கு இந்தப் படகிலாவது இடம் கிடைக்கட்டும். பறவை கூடு வைத்திருக்கும் திட்டுப் பக்கம் போகக் கூடாது, பிளாஸ்டிக் பை கொண்டுவரக் கூடாது என்று கண்டிப்பாக இருங்கள்.

வனத்துறையும் மீன்வளத் துறையும் அடுத்த பனிக்காலத்துக்குள் இதை யோசிக்க வேண்டும் என்று உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். அப்புறம், லைஃப் ஜாக்கெட் வாங்கும்போது குழந்தைகள் அளவிலும் வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காசிமேடு, சென்னை-13