வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை: கதைக்கவிதைகளோடு ஓர் ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தபடி இந்த ஆண்டு முழுக்கக் கதைக்கவிதைகளையே வாசித்தோம். முக்கியமாக, நாவலாசிரியர்கள் எழுதி, 'தேர்ந்தெடுத்தவையும் புதியவையும்' என்று பழசும் புதுசும் ஒரே அட்டைக்குள் வரும் தொகுப்புகள். மாதக் கூட்டம் எதுவும் விட்டுப்போகவில்லை. ஒன்று மட்டும் ஒரு வாரம் தள்ளி நடந்தது.

முதல் இரண்டு கூட்டங்கள் சரியாக அமையவில்லை. நாவல் படித்தே பழகிய நாம், அப்புறம் என்ன ஆச்சு என்று கதையின் பின்னாலேயே ஓடினோம். புத்தகம் சீக்கிரம் முடிந்தது, பேசத்தான் ஒன்றும் மிஞ்சவில்லை. மூன்றாம் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர், "மனசுக்குள்ள படிச்சது போதும், வாய்விட்டுப் படிங்க" என்றார். சிலப்பதிகாரத்து வழக்குரை காதையை எடுத்துக்கொண்டோம். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்கிறான் பாண்டியன், தன் சிலம்பில் இருப்பது மணி என்று சொல்லிக் கண்ணகி சிலம்பை உடைக்கிறாள்: 'மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே'. தெறித்தது முதலில் வருகிறது. தெறித்தது எது என்பது அடியின் கடைசிச் சொல்லில்தான் தெரிகிறது. வழக்கே அந்த ஒரு சொல்லில் தீர்ந்துவிடுகிறது. உரைநடையில் இதற்கு ஒரு பக்கமாவது ஆகும். அந்த அடியை நாலைந்து பேர் மாறி மாறிப் படித்தோம். அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் கவிதையை வாய்விட்டுப் படிக்காமல் பேச்சைத் தொடங்கவில்லை.

நாவலுக்கும் கவிதைக்கும் நடுவே போய்வந்தவர்களைப் பற்றியும் நிறையப் பேசினோம். வால்டர் ஸ்காட் நெடுங்கதைக் கவிதைகளால் பெயர் பெற்று, 1814இல் நாவலுக்கு வந்தவர். விக்ரம் சேத்தின் முதல் நாவலே செய்யுள்தான். 1986இல் வெளியான அதை ரஷ்யக் கவிஞர் புஷ்கினின் பதினான்கு வரிப் பா அமைப்பில் எழுதினார். தாமஸ் ஹார்டி ஸ்காட்டுக்கு நேரெதிர். நாவலில் பேர் வாங்கிய பிறகு, 58ஆம் வயதில், 1898இல்தான் முதல் கவிதைத் தொகுப்பை வெளியிட்டார். அதில் 1860களில் எழுதியவையும் இருந்தன, பலவற்றின் கீழே ஆண்டும் இருந்தது. இருபத்தைந்து வயதில் எழுதியது எது, முதுமையை நெருங்கும்போது எழுதியது எது என்று நம்மால் பிரித்துப் பார்க்க முடிந்தது அதனால்தான்.

நாம் படித்த தொகுப்புகள் சிலவற்றில் அந்த ஆண்டு இல்லை. புதிய கவிதை எது என்று ஊகித்தே ஒரு மாலை முழுதும் போனது. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். கவிதைக்குக் கீழே ஆண்டைப் போட ஒரு வரி கூட ஆகாது. புதியவற்றை முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. பின்னால்தான் வைக்க வேண்டும் என்பது என் கருத்து. எழுதியவர் நடந்துவந்த வழியிலேயே வாசகரும் வரட்டும்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இரவல் போன புத்தகங்கள் எல்லாம் திரும்பிவிட்டன. படிக்கும் குரலைச் சலிக்காமல் கேட்ட உறுப்பினர்களுக்கும், படிக்கக் கூச்சப்பட்டுக் கடைசியில் படித்தே விட்டவர்களுக்கும் என் நன்றி.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு பாரதியின் பாஞ்சாலி சபதத்தைப் பரிந்துரைக்கிறது. அதன் முதற்பாகம் 1912இல் வந்தது. எளிய சொல், எளிய நடை, மக்கள் விரும்பும் மெட்டு வேண்டும் என்று முன்னுரையிலேயே எழுதியவர் அவர். முழுவதையும் வாய்விட்டே படித்து முடிக்கலாம் என்பது எண்ணம்.

இந்த அறிக்கையையும் பரிந்துரையையும் ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்